ஜொகூரிலிருந்து லங்காவி வரை, கட்டம் கட்டமாக: இரண்டு பேர் மட்டும் பாய்மரப் படகில் போவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் 34 அடிப் படகு ஒன்றில் மலாக்கா நீரிணையின் மலேசியக் கரையை ஒட்டியே ஜொகூரிலிருந்து லங்காவி வரை போனோம். வேறு ஆள் கிடையாது. போய் வந்த பிறகு கல்யாண வீட்டிலும் கோயிலிலும் பார்த்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நாங்கள் நிபுணர்கள் இல்லை. ஆனால் சில தப்புகளைச் செய்துவிட்டோம், அவற்றை நீங்கள் மறுபடி செய்ய வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு தூரம்? எத்தனை நாள் ஆகும்?

சுமார் 400 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.85 கி.மீ., கீழே வெறும் மைல் என்றாலும் அதுதான்). எங்கள் படகு எஞ்சினில் மணிக்கு ஐந்து, ஐந்தரை கடல் மைல் போகும். 400-ஐ 5-ஆல் வகுத்தால் 80 மணி நேரம், மூன்றரை நாளில் போய்விடலாமே என்று தோன்றும். நாங்களும் முதலில் அப்படித்தான் கணக்குப் போட்டோம். நிற்காமல் இரவும் பகலும் ஓட்ட நான்கைந்து பேர் இருந்தால் அது சரிவரலாம். இரண்டு பேர் என்றால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனியாகத்தான் படகை நடத்த வேண்டும், இந்தக் கடலில் இரவில் தனியாக நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை (ஏன் என்று கீழே வருகிறது). அதனால் பகலில் மட்டும் ஓட்டுவது, இருட்டுவதற்குள் நங்கூரம் போடுவது என்று முடிவு செய்தோம். அப்படிப் பார்த்தால் ஒன்பது பத்து நாள் ஓட்டம். நடுவே ஓய்வு, மழை, பழுது, சந்தைக்குப் போவது எல்லாம் சேர்த்து நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் என்ன அவசரத்தில் போகிறார்களோ.

எந்த மாதம் கிளம்புவது நல்லது?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போது வாடைக்காற்றுக் காலம், கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். நாங்கள் போன மேற்குக் கரையிலோ காற்று நிலத்தின் மேலாக வந்து சேர்வதால் கரையை ஒட்டி அலை பெரிதாக எழும்புவதில்லை. காலையில் நிலக்காற்று கொஞ்சம் கிடைக்கும், பத்துப் பதினொரு மணிக்கு அது செத்துவிடும், அப்புறம் எஞ்சின்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பாய்மரப் பயணம் என்று பெயர், ஆனால் எங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் எஞ்சினில்தான் நடந்தது. 80 மணி நேரத்துக்கு மணிக்கு மூன்று லிட்டர் என்று டீசல் கணக்கு வைத்திருந்தோம். பெரிய மிச்சம் எதுவும் இல்லை.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இன்னொரு கதை. சுமத்ராப் பக்கமிருந்து ‘சுமத்ரா’ என்றே பெயர் வாங்கிய சூறைக்காற்று நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடையே நீரிணையைக் கடந்து வரும். மேற்கே கறுப்பாக ஒரு சுவர்போல மேகம் தெரியும், கொஞ்ச நேரத்தில் காற்று 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்தைத் தொட்டுவிடும், கூடவே மின்னல், கண் தெரியாத மழை. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் மேற்கிலிருந்து வருவதால் நங்கூரம் இழுத்துக்கொண்டால் படகு நேராகக் கரையில்தான் போய் மோதும். வாடைக்காலத்தில் இது அபூர்வம், ஆனாலும் நாங்கள் தீவுகளில் தங்கிய இடத்திலெல்லாம் முடிந்தவரை கிழக்குப் பக்கமாகவே நங்கூரம் போட்டோம்.

கட்டங்களை எப்படிப் பிரித்தீர்கள்?

எங்கே தூங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டோம். வரைபடத்தில் தங்கும் இடங்களை மட்டும் வட்டம் போட்டுவிட்டு, நடுவே உள்ள தூரத்தை அளந்தால் கட்டம் தானாக வந்துவிடுகிறது.

முதல் நாள் ஜொகூரின் புத்ரி ஹார்பர் படகுத்துறையிலிருந்து, ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்க 1998-இல் திறந்த துவாஸ் பாலத்துக்கு அடியில் நுழைந்து, ஆசிய நிலப்பரப்பின் தென்கோடியான தஞ்சோங் பியாயைச் சுற்றிக்கொண்டு பீசாங் தீவு. ஏறத்தாழ 38 மைல். அந்தத் தீவில் ஒரு வேடிக்கை உண்டு: மண் மலேசியாவுடையது, மேலே நிற்கும் கலங்கரை விளக்கத்தை நடத்துவது சிங்கப்பூர். நாங்கள் நங்கூரம் போட்டுவிட்டுத் தேநீர் குடித்தபடி அந்த விளக்கு எரியத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து மலாக்காவுக்கு முன்னால் இருக்கும் பெசார் தீவு, 65 மைலுக்குக் கொஞ்சம் மேல். ஒரே பகலில் கஷ்டம். பத்து பகாட் பக்கம் கரையோரமாகத் திறந்த கடலிலேயே நங்கூரம் போட்டு இதை இரண்டாக உடைத்துக்கொண்டோம். வாடைக்காலத்தில் இது முடியும். தரை முழுக்கச் சேறு, ஏழெட்டு மீட்டர் ஆழம், எங்கே போட்டாலும் பிடிக்கும். பெசாரிலிருந்து போர்ட்டிக்சன் 37, அங்கிருந்து கிள்ளான் நீரிணைக்குள் 45 வாக்கில். கிள்ளானைத் தாண்டி அங்சா தீவு, ஒரு சின்ன நாள். அங்சாவிலிருந்து செம்பிலான் தீவுகள் 65. இந்த ஒரு கட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், எங்கள் கதை கெட்டது அங்கேதான். செம்பிலானிலிருந்து பங்கோர் பக்கத்தில்தான். பங்கோரிலிருந்து பினாங்கின் ஜெரஜா தீவு 68, கடைசியாகப் பினாங்கிலிருந்து லங்காவியின் குவா, 58 சொச்சம்.

கடல்நீரின் ஏற்ற வற்றம் அவ்வளவு முக்கியமா? எஞ்சின்தான் இருக்கிறதே?

முக்கியம். வடக்கே போகிறவர்களுக்கு வற்றம் நண்பன், ஏற்றம் எதிரி. நீரிணையில் ஏற்றம் தென்கிழக்காக ஓடும், வற்றம் வடமேற்காக ஓடும். மலாய் மீனவர்கள் பாசாங், சூருட் என்பார்கள். சில இடங்களில் நீரோட்டம் இரண்டு நாட் இருக்கும். ஐந்து நாட் படகுக்கு இரண்டு நாட் எதிரோட்டம் என்றால் படகு நிஜமாக நகர்வது மூன்றுதான். 37 மைல் கட்டத்தை ஆறு மணி நேரத்திலும் முடிக்கலாம், பத்து மணி நேரமும் ஆகலாம். வித்தியாசம் கிளம்பிய நேரம் மட்டும்தான்.

எங்களுக்கு உதவியது வீட்டுச் சுவரில் மாட்டும் தினசரிக் காலண்டர். சிரிக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும், அட்டமி பக்கம் சோம்பலாக இருக்கும். திதியைப் பார்த்தாலே எந்த வாரம் கடல் இழுக்கும், எந்த வாரம் விட்டுவிடும் என்று குத்துமதிப்பாகத் தெரிந்துவிடும். மணிக்கணக்குக்கு மட்டும் ஏற்ற வற்ற அட்டவணையைத் திறந்தால் போதும். உயர்நீர் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அது விடியலை ஒட்டி வருகிற மூன்று நான்கு நாள்தான் பொன்னான நாள்: இருள் பிரியும்போது நங்கூரத்தைத் தூக்கினால் நண்பகல் வரை வற்றம் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். நீளமான கட்டங்களை அந்த நாள்களுக்கு ஒதுக்குங்கள். அப்படி இல்லாத நாளில் சின்னக் கட்டம், இல்லாவிட்டால் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கலாம்.

அம்மா போனில் ராகு காலம் பார்த்துக் கிளம்பச் சொன்னார். பார்த்தோம், ஆனால் அட்டவணையைப் பார்த்த பிறகு.

நங்கூரச் சங்கிலி எவ்வளவு விடுவது?

ஆழத்தில் ஐந்து மடங்கு என்று சொல்வார்கள். எந்த ஆழம் என்பதில்தான் ஏமாறுகிறோம். நீங்கள் நங்கூரம் போடும் நேரத்து ஆழம் கணக்கில்லை. கிள்ளான் பக்கம் பௌர்ணமி வாக்கில் நீர் நான்கு, ஐந்து மீட்டர் ஏறி இறங்கும். தாழ்நீரில் 5 மீட்டர், ஏற்றம் 4, படகின் முகப்பு நீருக்கு மேலே 1, ஆகப் பத்து. ஐந்து மடங்கு 50 மீட்டர். மாலை ஐந்து மணிக்கு ஆழமானி 5 காட்டுகிறது என்று 25 மீட்டர் மட்டும் விட்டுவிட்டுத் தூங்கினால் நடுராத்திரியில் நங்கூரம் தூக்கி நிற்கும். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு, உயர்நீரில் 6 மீட்டர் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு விடியற்காலையில் சேற்றில் உட்காருவது.

இரவில் ஏன் ஓட்டக்கூடாது என்கிறீர்கள்? கப்பல்களா?

கப்பல்கள் இல்லை. பெரிய கப்பல்களுக்கென்று பிரித்துவிட்ட இரட்டைப் பாதை இருக்கிறது, வடமேற்காகப் போகும் பாதை மலேசியக் கரைப் பக்கம். அதற்கும் கரைக்கும் நடுவே உள்ள உள்கடலிலேயே நாம் இருந்துவிட்டால் அவை தூரத்து ஊர்வலம் மாதிரி நகர்ந்துகொண்டிருக்கும், தானியங்கி அடையாளக் கருவியில் பெயரோடு தெரியும். பாதையைக் குறுக்கே வெட்ட வேண்டுமென்றால் செங்குத்தாக வெட்ட வேண்டும், எங்களுக்கு அந்தத் தேவையே வரவில்லை.

பயப்பட வேண்டியது மீன் வலைகளுக்கும், இழுவைப்படகுகளுக்கும் (வேறு கலத்தைக் கட்டி இழுத்துப்போகும் டக்), மிதக்கும் மரக்கட்டைகளுக்கும். மீன்பிடிப் படகுகளில் விதிப்படி விளக்கு எரிவதை எதிர்பார்க்காதீர்கள், பச்சை, நீலம், ஊதா என்று தீபாவளி மாதிரி எதுவும் எரியும், சிலதில் ஒன்றும் எரியாது. வலையின் முனையில் கறுப்புக் கொடி நட்ட மிதவை இருக்கும், பகலில் கண்ணில் படும், இரவில் படகு அதன் மேல் ஏறிய பிறகுதான் தெரியும். இழுவைப்படகைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். செங்குத்தாக இரண்டு அல்லது மூன்று வெள்ளை விளக்கு தெரிந்தால் அதன் பின்னால் எங்கேயோ ஒரு பார்ஜ் (இழுத்துப்போகும் சரக்குத் தோணி) இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே இரும்புக் கம்பி வடம் இருக்கிறது. நடுவே காலியாக இருக்கிறதே என்று புகுந்துவிடாதீர்கள். மூன்று விளக்கு என்றால் வடத்தோடு சேர்த்து அந்த வாலின் நீளம் 200 மீட்டருக்கு மேல்.

அங்சா - செம்பிலான் கட்டத்தில் என்ன நடந்தது?

தைப்பூசத்துக்குள் பினாங்கு போய்விட வேண்டும், தண்ணீர்மலைக் கோயிலில் காவடி பார்க்க வேண்டும் என்று என் ஆசை. உறவுக்காரர்களுக்கெல்லாம் தேதி சொல்லிவிட்டேன். அங்கேதான் தொடங்கியது.

பூசத்துக்கு நான்கு நாள் முன்பு கிள்ளானில் எஞ்சினின் கடல்நீர் பம்ப் கசிந்தது. புதுசு ஒன்றை வரவழைத்து மாட்டி, அங்சாவுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் போய்விட்டது. பூசம் என்றாலே பௌர்ணமி, ஓட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தால் பகல் பதினொன்று வரை வற்றம் கூடவே வந்திருக்கும். ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் புதுப் பம்பின் அடியில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. மறுபடி கழற்றி மாட்டி, கிளம்பியபோது மணி ஒன்பது. ‘இன்னிக்கு வேண்டாமே, நாளைக்குப் போகலாம்’ என்றார் அவர். ‘என்னங்க, பூசம் போயிடுமே’ என்றேன் நான்.

இரண்டு மணி நேரம் நன்றாகப் போனது. அப்புறம் ஏற்றம் எதிரே வந்தது. பேராக் ஆற்று முகத்துக்கு வெளியே இருட்டியபோது இன்னும் 15 மைல் பாக்கி. ஏழே முக்கால் இருக்கும், எஞ்சின் சத்தம் சட்டென்று கனத்தது, ஒரு உறுமல், நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் சுக்கானுக்குப் பின்னால் பச்சை நைலான் வலை பாவாடை மாதிரி விரிந்து மிதக்கிறது, அதில் ஒரு நண்டு இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

இருட்டில் இறங்கவில்லை. அந்த ஒரு முடிவைத்தான் அன்று சரியாக எடுத்தோம். 14 மீட்டர் ஆழம், இருந்த சங்கிலி மொத்தத்தையும் விட்டு, நங்கூர விளக்கோடு கூடுதலாகத் தளத்தில் ஒரு விளக்கும் கட்டிவிட்டு, ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று மாறி மாறி விழித்திருந்தோம். நிலா ஏறக்குறைய முழுசாக இருந்தது, அது பெரிய உதவி. படகு இரவு முழுக்கத் தொட்டில் ஆடியது, தட்டுகளுக்கு நடுவே துண்டு திணித்தும் சத்தம் நிற்கவில்லை.

காலையில் ஓட்டம் நின்ற சமயம் பார்த்து, அவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முகமூடியோடு இறங்கினார். மறுமுனை என் கையில். எஞ்சின் சாவியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கூரான மீன் வெட்டும் கத்தி நைலானில் வழுக்கியது. கடைசியில் வேலை செய்தது ரொட்டி வெட்டும் பல்கத்திதான். ஐம்பது நிமிடம். ஒவ்வொரு முறையும் மேலே வந்து ஒரு பிடி வலையைத் தளத்தில் எறிவார், மூச்சு வாங்குவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். படகின் அடியிலுள்ள சிப்பி கிழித்துத் தோளெல்லாம் கீறல்.

தைப்பூசத்தன்று நாங்கள் பங்கோரில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள்?

யாருக்கும் தேதி சொல்வதில்லை. ‘பிப்ரவரியில் பினாங்கு பக்கம் இருப்போம்’ என்பதோடு சரி. பார்க்க வருகிறவர்கள் நாளைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லை இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நாங்கள் பொறுப்பில்லை.

இன்னொன்று: இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்கக் கூடாது. அன்று அவர் ஒரு தடவை சொன்னார், நான் கேட்கவில்லை. இப்போது அந்த விதி எழுதி, வரைபட மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்தில். ரொட்டிக் கத்தியும் இரண்டு ஆகிவிட்டது.

கட்டத்துக்கு ஒரு கெடுவும் வைத்துக்கொண்டோம். காலை இத்தனை மணிக்குள் நங்கூரம் ஏறவில்லையென்றால் அன்று பயணம் கிடையாது. 65 மைல் கட்டத்துக்கு அந்தக் கெடு விடியற்காலை ஐந்தரை. பகல் பன்னிரண்டு மணி நேரம்தான், இங்கே வருஷம் பூராவும் அப்படித்தான், ஏழு, ஏழேகாலுக்குச் சூரியன் வரும், ஏழு, ஏழரைக்குப் போய்விடும். கிளம்பும்போது கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, முந்தின மாலை வந்த தடத்திலேயே வெளியேறிவிடலாம். போய்ச் சேரும்போது இருட்டாக இருக்கக் கூடாது.

இரண்டு பேரும் படகு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டுமா?

ஆமாம், சந்தேகமே வேண்டாம். ‘அவருக்குத் தெரியும், நான் சமைக்கிறேன்’ என்று போகிற ஜோடிகளை மரினாவில் நிறையப் பார்த்தேன். அவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் யார் படகைத் திருப்புவது? ஒரு மிதவையை ஆளாக நினைத்துக் கடலில் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பி வந்து எடுப்பதை நாங்கள் பயிற்சி செய்தோம், நான் தனியாக, அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க. முதல் தடவை பதினெட்டு நிமிடம் ஆனது. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு ஐந்து. அவர் விழுந்தால் என்னால் அவ்வளவு கனத்தைத் தூக்க முடியாது என்பதால் பாய்க் கயிற்றின் சக்கரத்தில் மாட்டித் தூக்கும் முறையையும் பழகிக்கொண்டோம்.

நங்கூரம் போடும்போது கணவன் பின்னால் சுக்கான் சக்கரத்தில் நின்று கத்துவார், மனைவி முன்னால் கனமான சங்கிலியோடு மல்லுக்கட்டுவார், காது கேட்காமல் இரண்டு பேரும் சண்டை. எல்லா நங்கூரத் துறையிலும் சாயங்காலம் இலவச நாடகம். நாங்கள் இடத்தை மாற்றிக்கொண்டோம், நான் ஓட்டுகிறேன், அவர் சங்கிலி பார்க்கிறார், பேச்சே கிடையாது, கைச்சைகைதான். முஷ்டி என்றால் நிறுத்து, விரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

தளத்தில் தனியாக இருப்பவர் உயிர்காப்பு அங்கியும் இணைப்புக் கயிறும் போட்டிருக்க வேண்டும். ஆண்கள் இரவில் ஓரத்தில் நின்று ஒன்றுக்குப் போவது அறவே கூடாது, உள்ளே கழிப்பறை எதற்கு இருக்கிறது?

கடற்கொள்ளையர் பயம் இல்லையா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றும் 2004-இலிருந்து சேர்ந்து ரோந்து போகின்றன, 2008-இல் தாய்லாந்தும் சேர்ந்தது. இன்றும் திருட்டு நடக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் சிங்கப்பூர்ப் பக்கம் மெதுவாகப் போகும் சரக்குக் கப்பல்களிலும் பார்ஜ்களிலும். எங்களைத் தேடி வந்த படகு ஒன்றே ஒன்று, மலாக்காவுக்கு வெளியே, ஒரு மலாய்ப் பாக்சிக் (மாமா என்பது போல) இரண்டு கிலோ இறாலைத் தூக்கிக் காட்டினார். அவசரமென்றால் விஎச்எஃப் வானொலியில் 16-ஆம் அலைவரிசை, கைபேசி எட்டினால் 999. கரையை ஒட்டிப் போவதால் பெரும்பாலும் எட்டும்.

சாப்பாடு, தண்ணீர்?

குடிக்க ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர். ஓட்டத்தின்போது அடுப்பு பற்றவைப்பதில்லை. முந்தின இரவே புளிச்சாதமோ எலுமிச்சைச் சாதமோ கிளறி டப்பாவில் வைத்துவிட்டால், அலை ஆடினாலும் ஒரு கையால் சாப்பிடலாம். குமட்டினால் இஞ்சி மிட்டாய், கண் தொடுவானத்தில், உள்ளே இறங்கக் கூடாது. அவ்வளவுதான்.

காகிதங்கள்?

வெளிநாட்டுப் பதிவுப் படகு என்றால் துறைமுகத்துக்குத் துறைமுகம் அனுமதி வாங்கிப் போக வேண்டும். உள்ளூர்ப் படகென்றால் கிளம்பும் முன் அந்தந்த மரினா அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் அது மாறியிருக்கும்.

வழியில் பார்க்க வேண்டியது?

போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனை. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் அங்கே கலங்கரை விளக்கம் வைத்தார்கள், இப்போது நிற்கும் கோபுரம் 1863-இல் கட்டியது. முனையைச் சுற்றும் இடத்தில் நீர் கொதிக்கிற மாதிரி சுழித்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் தள்ளியே போங்கள்.

பினாங்கில் முதலில் 2014-இல் திறந்த இரண்டாவது பாலம், அப்புறம் ஜெரஜா, அதற்கப்புறம் 1985-இன் பழைய பாலம். பழையதன் அடியில் 33 மீட்டர் உயரம் இருக்கிறது, எங்கள் பாய்மரம் அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் அடியில் போகும்போது அண்ணாந்து பார்த்தால் கட்டாயம் இடிக்கும் என்றுதான் தோன்றும். நான் கண்ணை மூடிக்கொண்டேன், சக்கரம் என் கையில் இருந்தும்.

ஜெரஜா எனக்கு வேறு மாதிரி. கப்பலில் வந்தவர்களை நோய்ப் பயத்தால் தடுத்துவைத்த தீவு அது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1970-கள் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவரையும் அந்தத் தீவில் நிறுத்திவைத்தார்களா என்று வீட்டில் சொல்ல யாரும் மிச்சமில்லை. நாங்கள் இரண்டு இரவு அங்கே நங்கூரத்தில் கிடந்தோம், கரையில் வெளவால்கள் மட்டும்.

பினாங்கைத் தாண்டியதும் வலது பக்கம் கெடாவின் ஜெராய் மலை, 1,217 மீட்டர், நாள் முழுக்கக் கூடவே வரும். இராசேந்திர சோழன் 1025-இல் படையனுப்பிய கடாரம் இதன் அடிவாரத்தில்தான். எங்களுக்கு ஜிபிஎஸ் இருந்தும், மத்தியானம் அவர் அந்த மலையைக் கைத்திசைமானியில் பார்த்துக் கோணம் எடுத்து வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தார். அரை மைல் தப்பு. ‘பரவாயில்லை, கடாரம் எங்கேன்னு கண்டுபிடிச்சாச்சு’ என்றார்.

திரும்பி வருவது எப்படி?

கணக்கு அப்படியே தலைகீழ். தெற்கே வரும்போது ஏற்றம்தான் உதவும், ஆனால் நீரிணையின் பொதுவான ஓட்டம் வருஷம் முழுவதும் வடமேற்காகவே நகர்வதால் போனதைவிட வருவது எப்போதும் கொஞ்சம் மெதுவு. கட்டங்களைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்குள் வந்துவிட்டால் சுமத்ராவிடமிருந்து தப்பலாம். நாங்கள் தப்பவில்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் படகு இன்னும் குவாவில்தான் கிடக்கிறது, நாங்கள் பஸ்ஸில் வந்துவிட்டோம்.